மாற்று எஞ்சின் பொருத்திய ஹோண்டா கார்களும் அவற்றின் எஞ்சின் கணினிகளும்

எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் செல்ல வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி எழ வேண்டும் என்பனவற்றைத் தீர்மானிக்கும் மின்னணுக் கருவி எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி ஆகும். இது ஈசியு எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. 1988 முதல் 1995 வரை வெளியான ஹோண்டா சிவிக், சிஆர்-எக்ஸ், இன்டெக்ரா ஆகிய கார்களின் ஈசியுக்கள் வாகன ஆர்வலர்களால் மிகுதியாக மாற்றியமைக்கப்பட்டவற்றுள் அடங்கும். ஒரு காரின் எஞ்சினைக் கழற்றி இன்னொரு காரில் பொருத்தும் வழக்கம் அமெரிக்காவில் பரவியபோது, கணினியையும் அந்த எஞ்சினுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. ஆர்வலர்கள் பெட்டியைத் திறந்து, சில்லு செருகி, அதிலிருந்த நிரலை மாற்றி எழுதினர்.

அவ்வாறு மாற்றப்பட்ட பெட்டிகள் பல கைகள் மாறி இன்றும் புழக்கத்தில் உள்ளன. பெட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டு, அது தொழிற்சாலையை விட்டு வந்தபோது என்னவாக இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. இப்போது அதற்குள் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் கார் ஓட்டியவர்கள் எஞ்சினை இழந்ததுண்டு. இந்நிலை உருவான வரலாற்றையும், மாற்றப்பட்ட கணினியை அடையாளம் கண்டு சரிசெய்யும் முறையையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

கார்களுக்குள் கணினி வந்த பின்னணி

1960கள் வரை பெரும்பாலான கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்தது கார்புரேட்டர் ஆகும். அதன் அளவுகள் துளைகளாலும் ஊசிகளாலும் அமைந்தவை; இயந்திரக் கைவினைஞர் ஒருவர் திருகாணியைத் திருப்பி அவற்றை மாற்ற முடிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டம் இந்நிலையை மாற்றியது. கலிபோர்னியா காற்று வள வாரியம் 1967ஆம் ஆண்டில் உருவானது. 1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய தூய காற்றுச் சட்டம், கார்கள் வெளியிடும் நச்சு வாயுக்களைப் பெருமளவு குறைக்குமாறு உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தியது.

ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967இல் ஃபோக்ஸ்வாகன் காருக்காக மின்னணு எரிபொருள் உட்செலுத்தும் முறையை வழங்கியது. ஹோண்டா முதலில் வேறு வழியில் சென்றது. 1970களில் அது உருவாக்கிய சிவிசிசி எஞ்சின், வினையூக்கி மாற்றி இல்லாமலேயே அமெரிக்கச் சட்டத்தின் அளவுகளை நிறைவு செய்தது. ஆயினும் கட்டுப்பாடுகள் இறுகியபோது ஹோண்டாவும் மின்னணு முறைக்கு மாறியது. பிஜிஎம்-எஃப்ஐ என அது பெயரிட்ட உட்செலுத்தும் முறை, 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிட்டி டர்போ காரில் இடம்பெற்றது. 1985இல் சிஆர்-எக்ஸ் எஸ்ஐ வழியாக அது அமெரிக்காவின் சிறிய ஹோண்டாக்களுக்கும் வந்தது.

இம்முறையில் கணினி இரண்டு செய்திகளை முதன்மையாகக் கொள்கிறது. ஒன்று, எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது. மற்றொன்று, காற்று உள்ளே செல்லும் குழாய்த்தொகுதியில் நிலவும் அழுத்தம். இவ்விரண்டையும் கொண்டு நினைவகத்திலுள்ள அட்டவணையில் ஒரு கட்டத்தைத் தேர்ந்து, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. காற்றின் வெப்பம், குளிர்நீரின் வெப்பம், திராட்டில் திறப்பு, புகையிலுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை அளக்கும் உணரிகள் அந்த முடிவைத் திருத்துகின்றன. நிமிடத்திற்கு 8,000 சுற்றுகள் ஓடும் எஞ்சினில், ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சி 15 மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். திருகாணி இருந்த இடத்தில் இப்போது எண்கள் நிறைந்த அட்டவணை அமர்ந்தது. அதைத் திருப்பும் வழி கைவினைஞருக்குத் தெரியவில்லை.

எஞ்சின் மாற்றும் வழக்கம்

1989ஆம் ஆண்டில் இன்டெக்ரா காரின் ஜப்பானிய வடிவத்தில் பி16ஏ எஞ்சின் அறிமுகமானது. 1.6 லிட்டர் கொள்ளளவில் 160 குதிரைத்திறன் தந்த இது, விடெக் முறையைக் கொண்ட முதல் எஞ்சின் ஆகும். கேம்ஷாஃப்டில் குறைந்த வேகத்திற்கு ஒன்றும் கூடிய வேகத்திற்கு ஒன்றுமாக இருவகை மேடுகள் உண்டு. ஏறத்தாழ 5,000 சுற்றுகளுக்கு மேல் கணினி ஒரு மின்காந்த வால்வைத் திறக்க, எண்ணெய் அழுத்தம் ஒரு முளையைத் தள்ளி, வால்வுகளை உயர்ந்த மேட்டுடன் பிணைக்கிறது. ஆகவே விடெக் எஞ்சினுக்கு உரிய கணினியில் எரிபொருள் அட்டவணையும் தீப்பொறி அட்டவணையும் இரண்டிரண்டாக இருக்கும்.

ஜப்பானில் ஷாக்கென் எனப்படும் கட்டாய வாகனத் தணிக்கை, புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் வருகிறது. அதன் செலவை விரும்பாத பலர் நல்ல நிலையிலுள்ள கார்களையே கைவிட்டனர். அவற்றின் எஞ்சின்கள் கப்பலேறி அமெரிக்கா சென்றன. அமெரிக்காவில் விற்ற 1988–91 சிவிக், சிஆர்-எக்ஸ் கார்களுக்கு பி16ஏ எஞ்சின் வழங்கப்படவில்லை. ஆனால் ஜப்பானில் அதே உடற்கட்டில் அது பொருந்தியிருந்தது. எனவே எஞ்சின் தாங்கிகளைச் சற்று மாற்றினால் போதுமானதாக இருந்தது. தெற்குக் கலிபோர்னியாவில், குறிப்பாக ஆசிய அமெரிக்க இளைஞர்களிடையே, இவ்வழக்கம் வேரூன்றியது. 1990களில் பால்ம்டேல் ஓடுபாதையில் நடந்த ‘பேட்டில் ஆஃப் தி இம்போர்ட்ஸ்’ போட்டிகள் அதற்கு மேடையாயின. 2001இல் வெளியான ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ திரைப்படம் அதை உலகறியச் செய்தது.

எஞ்சினைத் தூக்கி வைப்பது பாதி வேலையே. விடெக் இல்லாத காரின் கணினிக்கு மின்காந்த வால்வு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதை இயக்கும் மின்சுற்றும் அதில் இராது. எனவே எஞ்சினோடு கணினியும் வர வேண்டும், அல்லது இருக்கும் கணினியை மாற்ற வேண்டும். ஈசியு குறியீடுகளைப் படிக்கும் தேவை இங்குதான் தோன்றியது.

சீட்டிலுள்ள குறியீடு

ஹோண்டா ஈசியுவின் உதிரிபாக எண் 37820 எனத் தொடங்கும். அடுத்து வரும் மூன்றெழுத்துக் குறியீடு எந்த எஞ்சினுக்கு உரியது என்பதைக் காட்டும். இறுதிப்பகுதி விற்பனைச் சந்தை, கியர் வகை, திருத்தம் ஆகியவற்றைக் குறிக்கும். கணினிக் குறியீடுகளும் எஞ்சின் குறியீடுகளும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துகளில் தொடங்கினாலும் தமிழில் இரண்டும் ‘பி’ என்றே ஒலிக்கின்றன. இக்கட்டுரையில் எண்ணுக்குப் பின் மீண்டும் எழுத்து வந்தால் அது எஞ்சின். எண்ணோடு முடிந்தால் அது கணினி. பரவலாகக் காணப்படும் குறியீடுகள் வருமாறு:

பிஎம்6: 1988–91 சிவிக் எஸ்ஐ, சிஆர்-எக்ஸ் எஸ்ஐ, விடெக் இல்லாத 1.6 லிட்டர் எஞ்சின்.

பிடபிள்யூ0: அக்காலத்து ஜப்பானிய பி16ஏ எஞ்சின்.

பி06: 1992–95 சிவிக் டிஎக்ஸ், எல்எக்ஸ், விடெக் இல்லாத 1.5 லிட்டர் எஞ்சின்.

பி28: 1992–95 சிவிக் இஎக்ஸ், எஸ்ஐ, ஒற்றைக் கேம்ஷாஃப்ட் விடெக் எஞ்சின்.

பி30: டெல் சோல் விடெக், ஜப்பானிய சிவிக் எஸ்ஐஆர், பி16ஏ வகை எஞ்சின்.

பி61: 1992–93 இன்டெக்ரா ஜிஎஸ்-ஆர், பி17ஏ எஞ்சின்.

பி72: 1994 முதலான இன்டெக்ரா ஜிஎஸ்-ஆர், பி18சி எஞ்சின்.

பி75: 1994 முதலான இன்டெக்ராவின் விடெக் இல்லாத வகைகள், பி18பி எஞ்சின்.

குறியீடு மட்டும் போதாது. பி72, பி75 ஆகியவை 1996க்குப் பிந்தைய பெட்டிகளிலும் தொடர்ந்தன. அவற்றின் உள்ளமைப்பு முற்றிலும் வேறு. ஆகவே இணைப்பான்களையும் பார்க்க வேண்டும். 1992–95 காலத்துப் பெட்டியில் 26, 16, 22 முனைகள் கொண்ட மூன்று இணைப்பான்கள் உண்டு. ஆர்வலர்கள் இந்தத் தலைமுறையை ஓபிடி-1 என்றும், அதற்கு முந்தையதை ஓபிடி-0 என்றும், பிந்தையதை ஓபிடி-2 என்றும் அழைக்கின்றனர். இவற்றுள் ஓபிடி-0 என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத பெயர், பேச்சுவழக்கில் உருவானது.

மூடியைத் திறந்தபின்

ஓபிடி-1 பெட்டியின் மூடியைக் கழற்றினால் ஓகி நிறுவனத்தின் 66கே குடும்பத்தைச் சேர்ந்த நுண்கட்டுப்படுத்தி காணப்படும். தொழிற்சாலை நிரல் பெரும்பாலும் அதற்குள்ளேயே நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அதை அழித்தெழுத இயலாது. ஆனால் அதனருகே 28 துளைகளும் 20 துளைகளும் கொண்ட இரண்டு வெற்றிடங்கள் பலகையில் விடப்பட்டிருந்தன. சில ஜப்பானியப் பெட்டிகளில் அதே இடத்தில் தொழிற்சாலையே சில்லு வைத்திருந்தது. வெற்றிடத்தை நிரப்பினால் கணினி வெளிச்சில்லிலிருந்து நிரலைப் படிக்கும் என்பது இதிலிருந்து தெரியவந்தது.

இதற்குத் தேவையானவை மிகச் சில. 28 துளை இடத்தில் ஒரு தாங்கியும் அதில் 32 கிலோபைட் சில்லும், 20 துளை இடத்தில் 74எச்சி373 என்ற பிடிப்பான் சில்லும், இரண்டு சிறு மின்தேக்கிகளும், ஒரு மின்தடையும், ஜே1 எனக் குறிக்கப்பட்ட இடத்தில் ஒரு கம்பித் துண்டும் வைத்தால் போதும். நுண்கட்டுப்படுத்தியின் எட்டு முனைகள் முகவரியையும் தரவையும் மாறிமாறிச் சுமக்கின்றன. முகவரி மறைந்துவிடாமல் பிடித்து வைப்பது 74எச்சி373இன் வேலை. ஜே1 இணைப்பு, உள் நிரலை விட்டு வெளிச்சில்லைப் படிக்குமாறு நுண்கட்டுப்படுத்திக்குச் சொல்கிறது. அக்கம்பியை வெட்டினால் கணினி மீண்டும் தொழிற்சாலை நிரலுக்குத் திரும்பும். ஓபிடி-0 பெட்டிகளில் சில்லு தொடக்கத்திலேயே வெளியே இருந்ததால், அதைக் கழற்றித் தாங்கி வைப்பதே போதுமானதாக இருந்தது.

பழைய சில்லுகள் 27சி256 வகையின. அவற்றின் முதுகில் சிறு படிகச் சாளரம் இருக்கும். புறஊதா ஒளி பட்டால் எழுத்து அழியும். எனவே சாளரத்தின் மேல் ஒட்டுச்சீட்டு இருக்கும். அச்சீட்டில் யாராவது கையால் எழுதிய ஒரு சொல்லோ எண்ணோதான் பல பெட்டிகளில் மாற்றத்திற்கான ஒரே பதிவு. பின்னர் மின்சாரத்தாலேயே அழித்தெழுதக்கூடிய 29சி256, 27எஸ்எஃப்512 சில்லுகள் அவ்விடத்தைப் பிடித்தன.

நிரலைப் படித்தறிந்த காலம்

1990களில் சில்லு வணிகம் ஒரு மூடிய தொழிலாக இருந்தது. வாங்குபவர் பணம் கொடுத்து, பெட்டியை அனுப்பி, சில்லுடன் திரும்பப் பெற்றார். உள்ளே என்ன மாறியது என்பது விற்றவருக்கு மட்டுமே தெரியும். பந்தய நிறுவனங்களின் பெயர் பொறித்த பெட்டிகள் பெருவிலைக்கு விற்றதால், அவற்றைப் போன்ற போலிச் சீட்டுகளும் பெருகின.

2000ஆம் ஆண்டை ஒட்டி இந்நிலை மாறியது. ஆர்வலர்கள் 32,768 பைட்டுகள் கொண்ட கோப்புகளைச் சில்லிலிருந்து படியெடுத்து, ஓகி நுண்கட்டுப்படுத்தியின் கட்டளைத் தொகுதியைக் கொண்டு அவற்றைப் பிரித்துப் படித்தனர். எந்த முகவரியில் எரிபொருள் அட்டவணை தொடங்குகிறது, எந்த பைட் சுற்று வரம்பைக் குறிக்கிறது, விடெக் எப்போது திறக்கிறது என்பன ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டுப் பொதுவில் பகிரப்பட்டன. டர்போஎடிட், உபர்டேட்டா, குரோம் போன்ற மென்பொருள்கள் அந்த அறிவை அட்டவணைகளாகவும் வரைபடங்களாகவும் காட்டின. ஹோண்டேட்டா போன்ற நிறுவனங்கள் வணிக முறையில் பலகைகளையும் மென்பொருளையும் வழங்கின. சில்லின் இடத்தில் செருகப்படும் ஆஸ்ட்ரிச் போன்ற போலச்செய் கருவிகள் வந்தபின், எஞ்சின் ஓடும்போதே மடிக்கணினியிலிருந்து எண்களை மாற்ற முடிந்தது.

காற்று-எரிபொருள் விகிதத்தை அளப்பதற்கும் அக்காலத்தில் ஹோண்டாவே உதவியது. 1992 சிவிக் விஎக்ஸ், பெட்ரோலைச் சிக்கனமாக எரிக்கும் எஞ்சினுக்காக விரிந்த எல்லையை அளக்கும் ஐந்து கம்பி ஆக்சிஜன் உணரியைக் கொண்டிருந்தது. வழக்கமான உணரி ‘கூடுதல்’, ‘குறைவு’ என்று மட்டுமே சொல்லும். இதுவோ எவ்வளவு என்பதைச் சொல்லும். ஆர்வலர்கள் தாமே கட்டிய அளவிகளில் இவ்வகை உணரி பெரிதும் பயன்பட்டது.

புதிய காருக்குப் பழைய கணினி

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் அனைத்தும் ஓபிடி-2 விதிகளுக்கு உட்பட்டன. வினையூக்கி மாற்றியின் பின்னால் இரண்டாவது ஆக்சிஜன் உணரியும், தீ தவறுவதைக் கண்டறியும் ஏற்பாடும் சேர்ந்தன. அக்காலத்து ஹோண்டா கணினிகளில் பழைய எளிய வழியில் வெளிச்சில்லைச் செருக இயலவில்லை. இதன் விளைவு முரணானது. 1996–2000 சிவிக் வைத்திருந்தவர்கள் தம் காரின் கணினியைக் கழற்றிவிட்டு, மாற்றுக் கம்பிக்கட்டு ஒன்றின் துணையோடு 1992–95 காலத்து பி28 பெட்டியைப் பொருத்தினர். புதிய காரை மாற்றியமைக்கப் பழைய கணினியே வேண்டியிருந்தது. உடைக்கப்பட்ட சிவிக் கார்களிலிருந்து பி28 தேடி எடுக்கப்பட்டது. அது கிடைக்காதவர்கள் மலிவான பி06 பெட்டியில் விடெக் மின்சுற்றுக்கான உறுப்புகளைப் பற்றவைத்து பி28 ஆக மாற்றினர். அப்பெட்டியின் சீட்டு இன்றும் பி06 என்றே சொல்லும்.

சீட்டுக்கும் உள்ளடக்கத்திற்கும் இடையிலான உறவு இவ்வாறு முற்றிலும் அறுந்தது. பி28 என்று எழுதிய பெட்டியில் பி72இன் நிரல் இருக்கலாம். பி30 என்று எழுதியதில் எவருடைய டர்போ காருக்கோ எழுதிய அட்டவணை இருக்கலாம்.

தவறான நிரலின் விளைவு

இக்கணினிகளின் எரிபொருள் கணக்கு இன்ஜெக்டரின் அளவைச் சார்ந்தது. அக்காலத்து நான்கு சிலிண்டர் ஹோண்டாக்களின் இன்ஜெக்டர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 240 கன செ.மீ. பெட்ரோலை வெளியிடும். முந்தைய உரிமையாளர் 310 கன செ.மீ. இன்ஜெக்டருக்காகக் கோப்பை எழுதியிருந்தார் எனக் கொள்வோம். அக்கணினி 240 அளவு இன்ஜெக்டர் உள்ள எஞ்சினுக்கு வந்தால், செல்ல வேண்டிய பெட்ரோலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விடுபடும். முழுத் திராட்டிலில் 12.8 ஆக இருக்க வேண்டிய காற்று-எரிபொருள் விகிதம் 16.5ஐ நெருங்கும்.

ஆபத்து என்னவென்றால், மெதுவாக ஓட்டும்போது இது வெளிப்படாமல் போகலாம். சீரான ஓட்டத்தில் ஆக்சிஜன் உணரியின் சொல்லைக் கேட்டுக் கணினி ஓரளவு பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். முழுத் திராட்டிலில் அது உணரியைக் கேட்பதில்லை; அட்டவணையை மட்டுமே நம்பும். ஊருக்குள் ஒழுங்காக ஓடிய கார், நெடுஞ்சாலையில் முதன்முறை அழுத்தி ஓட்டும்போது நாக்கிங் கண்டு பிஸ்டனை இழப்பது இதனாலேயே. பி28இல் நாக்கிங் உணரிக்கான சுற்று இல்லை. நாக்கிங் உணரி பொருத்திய பி18சி போன்ற எஞ்சினை பி28 இயக்கினால், எஞ்சின் எழுப்பும் எச்சரிக்கை ஓசையைக் கேட்பதற்குக் கணினியில் காது இல்லை என்றே பொருள்.

அடையாளம் காணும் முறை

அனுபவமிக்கவர்கள் வெளியிலிருந்து உள்ளே செல்லும் ஒழுங்கைப் பின்பற்றுகின்றனர். முதலில் எஞ்சினின் குறியீட்டை அதன் உலோக உடலிலேயே படிக்க வேண்டும். வால்வு மூடி மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் அதை நம்பலாகாது. அடுத்து இன்ஜெக்டரின் அளவையும் மின்தடையையும் அறிய வேண்டும். பழைய மாதிரிகள் சிலவற்றில் குறைந்த மின்தடை கொண்ட இன்ஜெக்டர்களும் அவற்றுக்கெனத் தனி மின்தடைப் பெட்டியும் இருந்தன. அப்பெட்டி இல்லாத காரில் அத்தகைய இன்ஜெக்டரை இணைத்தால் ஈசியுவின் இயக்கிச் சுற்று எரியக்கூடும்.

பின்னர் ஈசியுவைக் கழற்றிச் சீட்டையும் இணைப்பான்களையும் பார்த்து, மூடியைத் திறக்க வேண்டும். பயணியின் கால்பக்கத்தில் இருப்பதால் நீர் புகுந்த தடம் இருக்கிறதா, மின்தேக்கிகள் கசிந்துள்ளனவா என்பதும் இப்போது தெரியும். தாங்கி இருந்தால் அது மாற்றப்பட்ட பெட்டி. ஜே1 இணைந்துள்ளதா, பற்றவைப்பு ஒழுங்காக உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஜே1 இணைந்து சில்லு இல்லாவிட்டாலும், சில்லு பழுதடைந்திருந்தாலும், ‘செக் எஞ்சின்’ விளக்கு அணையாமல் எரியும். நல்ல நிலையில் சாவியைத் திருப்பியதும் அது இரண்டு விநாடி எரிந்து அணையும்.

மூன்றாவதாக, சில்லைக் கழற்றிப் படிப்பான் கருவியில் வைத்து அதன் கோப்பைச் சேமிக்க வேண்டும். இதுவே முதன்மையான படி. சேமித்த கோப்பைத் தொழிற்சாலைக் கோப்புகளுடன் பைட் பைட்டாக ஒப்பிட்டால், எந்த அடிப்படையில் எழுதப்பட்டது, எவை மாறின என்பன வெளிப்படும். எரிபொருள் அட்டவணையில் வளிமண்டல அழுத்தத்திற்கு மேற்பட்ட நெடுவரிசைகள் நிரம்பியிருந்தால் அது டர்போவுக்கு எழுதியது. சுற்று வரம்பும் விடெக் திறக்கும் இடமும் எஞ்சினுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். சில வணிகப் பலகைகள் கோப்பைப் பூட்டி வைத்திருக்கும். அப்போது ஊகித்து ஓட்டுவதைவிட, அறிந்த கோப்பு ஒன்றைப் புதிய சில்லில் எழுதித் தொடங்குவதே பாதுகாப்பானது.

அணைக்கப்பட்ட பிழைக் குறியீடுகளையும் தேட வேண்டும். ஓபிடி-1 ஹோண்டாவில் விளக்கின் நீண்ட மின்னல் பத்தையும் குறுகிய மின்னல் ஒன்றையும் குறிக்கும்: 3 அழுத்த உணரி, 6 குளிர்நீர் வெப்ப உணரி, 21 விடெக் மின்காந்த வால்வு, 22 விடெக் எண்ணெய் அழுத்தச் சுவிட்சு, 23 நாக்கிங் உணரி. தம் காரில் இல்லாத உணரிகளுக்காக முந்தையவர் இவற்றுள் சிலவற்றை நிரலில் அணைத்திருக்கலாம். விளக்கு எரியாதது எல்லாம் நலம் என்பதற்குச் சான்றாகாது.

சரிசெய்தல்

அடையாளம் கண்டபின்னரே டியூனிங் தொடங்குகிறது. முதல் வேலை கணினியில் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ளது. தீப்பொறி நேரம் குறித்துக் கணினி எண்ணுவதும் எஞ்சினில் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்வீஸ் இணைப்பானைக் குறுக்கிணைத்து, டைமிங் லைட் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, பெரும்பாலான அமெரிக்க டி, பி வகை எஞ்சின்களுக்கு மேல் உச்சப் புள்ளிக்கு 16 பாகை முன்னதாக அமைக்கின்றனர். இதைச் செய்யாவிட்டால் அட்டவணையிலுள்ள எல்லா எண்களும் பொய்யாகிவிடும்.

அடுத்து இன்ஜெக்டர் அளவுக்கான பெருக்கெண் திருத்தப்படுகிறது. பின்னர் விரிந்த எல்லை ஆக்சிஜன் உணரியைப் புகைக்குழாயில் பொருத்தி, குறைந்த சுமையிலிருந்து படிப்படியாக மேலே செல்கின்றனர். சீரான ஓட்டத்தில் விகிதம் 14.7ஐ ஒட்டியும், முழுச் சுமையில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஏறத்தாழ 12.5 முதல் 13 வரையிலும், டர்போ எஞ்சினுக்கு 12க்குக் கீழும் வைப்பது வழக்கம். எரிபொருள் சீரானபின்னரே தீப்பொறியை ஒவ்வொரு பாகையாக முன்னகர்த்துகின்றனர். டைனமோமீட்டரில் திருப்புவிசை கூடாத இடத்தில் நிறுத்துகின்றனர். விடெக் மாறும் இடம், இரு கேம் மேடுகளிலும் தனித்தனியே ஓட்டி எடுத்த திருப்புவிசைக் கோடுகள் வெட்டும் புள்ளியில் அமைக்கப்படுகிறது.

சட்டமும் காற்றும்

கணினியைக் கார்களுக்குள் கொண்டுவந்ததே தூய காற்றுக்கான சட்டம். அதே சட்டம், உமிழ்வுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செயலிழக்கச் செய்வதைத் தடை செய்கிறது. கலிபோர்னியாவில் எஞ்சின் மாற்றம் அறவே தடை செய்யப்படவில்லை. காரின் ஆண்டுக்குச் சமமான அல்லது அதற்குப் பிந்தைய எஞ்சினாக இருந்து, அதற்குரிய உமிழ்வுக் கருவிகள் முழுமையாக இருந்தால், நடுவர் நிலையத்தில் சோதித்து ஏற்கின்றனர். ஓபிடி-2 காரில் பி28 பொருத்துவது இவ்விதிக்குள் அடங்காது. ஆகவே அத்தகைய கார்கள் பந்தயப் பாதைக்கு உரியவையாகவே கருதப்படுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 முதல் உமிழ்வுக் கருவிகளை முடக்கும் பொருள்களை விற்பவர்கள் மீதான நடவடிக்கையை முதன்மைப் பணிகளுள் ஒன்றாக்கியது.

மறுபுறம், சொந்த வாகனத்தின் நிரலைப் படிக்கும் உரிமையும் விவாதமானது. 2015இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகர், வாகனத்தைப் பழுதறியவும் பழுதுபார்க்கவும் சட்டத்திற்கு உட்பட்டு மாற்றவும் அதன் மென்பொருளைத் திறப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்களித்தார். ஹோண்டா ஆர்வலர்கள் அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே தம் கார்களின் நிரலைப் படித்து முடித்திருந்தனர்.

இன்றைய நிலை

இக்கார்கள் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. மாற்றப்படாத சிவிக், இன்டெக்ரா கார்கள் சேகரிப்பாளர்களால் தேடப்படுகின்றன. புதிய ஈசியுக்கள் சந்தையில் கிடைத்தாலும், கம்பிக்கட்டை வெட்டாமல் பொருந்தும் பழைய பெட்டிகளுக்கு இன்றும் தேவை உள்ளது. ஆனால் அவற்றை மாற்றியவர்கள் பலர் இத்துறையை விட்டுச் சென்றுவிட்டனர். பழைய மென்பொருள்கள் பழைய இயங்குதளங்களை எதிர்பார்க்கின்றன. யாருடைய எஞ்சினுக்கு, எந்த இன்ஜெக்டருக்கு, எந்த நாளில் எழுதப்பட்டது என்ற குறிப்பு பெரும்பாலான சில்லுகளில் இல்லை.

எனவே பழைய பெட்டியைக் கையாள்வோரிடையே ஒரு நடைமுறை நிலைபெற்று வருகிறது. படித்தெடுத்த கோப்பின் பெயரிலேயே எஞ்சின் குறியீட்டையும் இன்ஜெக்டர் அளவையும் தேதியையும் எழுதுகின்றனர். அணைத்த பிழைக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைக்கின்றனர். அடுத்து அந்தக் காரை வாங்குபவர் மூடியைத் திறக்கும்போது ஊகிக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைச் சீட்டு சொல்லத் தவறியதை அந்தத் தாள் சொல்கிறது.